கடையில் தடவிய எண்ணெய்

இன்று காலை சமையலறையில் புதிய தேங்காய் எண்ணெய் போத்தலைத் திறந்தார்கள். அந்த வாசனை கூடம்வரை வந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். உனக்குக் காரணம் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும் என்றிருந்தது இத்தனை வருஷம். அதனால்தான் நீ இல்லாத இந்த நேரத்தில், படிக்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் தையல்கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் நாம் இருவரும் கூட்டாகக் கடை வைத்து, பாய் கட்டிக் கடலில் ஓட்டும் காற்றுப்பலகை விற்றோம். பலகை, பாய், பாய்மரம், இடுப்பு வார், கயிறு எல்லாம். சுற்றுவட்டாரத்தில் கடல் இல்லாத இடத்தில் எதற்கு இந்தக் கடை என்று கேட்காத ஆள் இல்லை. நீ எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாய். "கடல்ல கட வெச்சா மீனா வந்து வாங்கும்?"

எண்பதுகளின் நடுவில் அந்தப் பதிலுக்குச் சிரிக்க ஆட்கள் இருந்தார்கள். சனிக்கிழமை விடிந்தால் கடைவாசலில் கார்கள் நிற்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பலகை கட்டியிருக்கும். பிறகு அது எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரன் வருஷத்துக்கு ஒரு வடிவம் மாற்றினான், போன வருஷத்துப் பலகையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் கடலில் காற்று நினைத்தால் வரும், இல்லையென்றால் வராது. வாங்கியவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், கோல்ஃப் ஆடப் போனார்கள். பெட்டாலிங் ஜெயாவில் நம்மைப் போல் கடை வைத்திருந்தவர் மீன்தொட்டி விற்க ஆரம்பித்தார். கிள்ளானில் இருந்தவர் சைக்கிளுக்கு மாறினார். நீ மட்டும் மாறமாட்டேன் என்று நின்றாய். எனக்கு அதில் எரிச்சல்தான், ஆனாலும் உன்னை விட்டுப் போக மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடையில் விளக்கு ஏற்றுவது என் வேலை. நீ நேரத்துக்கு வந்தால்தானே. விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் துணியில் நனைத்து முருகன் படத்தின் சட்டத்தைத் துடைப்பேன், என் அம்மா வீட்டில் செய்வது போல. ஆள் வராத கடையில் சாமான்மேல் தூசி படிந்து, கறுப்பு ரப்பரெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதே துணியால் அதையும் துடைத்தேன். பளபளவென்று வந்தது. எனக்குப் பெருமை. வாராவாரம் துடைத்தேன்.

காப்பாரில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். ரப்பர் ஷீட் பக்கம் எண்ணெய்க் கையோடு போனால் என் அப்பா அடிக்க வருவார், எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிச் செத்துப்போகும் என்று. அது என் தலையில் ஏறவே இல்லை. கடையில் விற்பது ரப்பர் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அது வெளிநாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

பலகையையும் பாய்மரத்தையும் இணைப்பது உள்ளங்கை அளவு ரப்பர் துண்டு. எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும், நாம் அதை முட்டி என்போம். முட்டி அறுந்தால் பாய் ஒரு பக்கம் போகும், பலகை ஒரு பக்கம் போகும்.

அந்தத் தை மாத வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரவி வந்தான். என் மனைவியின் தம்பி. அவனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே நாம்தான். புது முட்டி ஒன்று கேட்டான். வரிசையில் நன்றாக மின்னியதை எடுத்துக் கொடுத்தேன். "பளபளன்னு இருக்கே மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நீ அதே வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து, சும்மா கையால் வளைத்தாய். வெந்த கிழங்கு மாதிரி விண்டது. மூக்கருகே வைத்துப் பார்த்தாய்.

"என்னடா இது, தலைக்கு வெக்கிற எண்ண வாசன?"

"தூசியா இருந்துச்சு. தொடச்சேன்."

நீ இன்னொன்றை வளைத்தாய். அதுவும் விண்டது. என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ கேட்டது வேறு.

"யாருக்காச்சும் குடுத்தியா?"

"ரவிக்கு. நேத்து. இன்னிக்கி மோரிப் போறேன்னான்."

கடையைப் பூட்டக்கூட இல்லை, இழுத்துச் சாத்திவிட்டு ஓடினோம். மோரிப் கடற்கரையில் யாருக்குப் போன் செய்வது? காரின் தலையில் உன் சொந்தப் பலகை வழக்கம்போல் கட்டியிருந்தது. கிள்ளானில் சந்தைக் கூட்டம், அதைத் தாண்டினால் பந்திங் வரை செம்பனை ஏற்றிய லோரி முன்னால் ஆடி ஆடிப் போகிறது, முந்த வழியில்லை. நீ ஹார்ன்மேல் கையை வைத்தபடியே ஓட்டினாய். வழி முழுக்க நீ பேசியது ஒரே தடவை.

"அவனுக்கு நீந்தத் தெரியும்தானே?"

"குளத்துல" என்றேன்.

மோரிப்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. காற்று நம் முதுகிலிருந்து கடலை நோக்கி அடித்தது. கரையில் ஐந்தாறு பேர், எல்லாரும் நம் வாடிக்கையாளர்கள், மிச்சமிருந்ததே அவர்கள்தான். ரவியின் சிவப்புப் பாய் வெகுதூரத்தில் தெரிந்தது. கையை ஆட்டினோம், கத்தினோம். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு சாய்ந்தது. விழுவதும் எழுவதும் அந்த விளையாட்டில் சாதாரணம். நீ வாய்க்குள் எண்ணினாய். ஐம்பதுவரை எண்ணினாய். சிவப்பு எழவில்லை.

பலகையை இறக்கினோம். உன் பலகையில் இருந்த முட்டி பழையது, என் எண்ணெய் படாதது. பாய்மரத்தில் கயிறு கட்ட முயன்றேன், முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. "விடு, நான் பாத்துக்கிறேன்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டு இறங்கினாய்.

முழங்கால் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ரவி தெரியவில்லை. பிறகு நீயும் தெரியவில்லை. எதிரே கப்பல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. உன் வீட்டில் என்ன சொல்வது, என் வீட்டில் என்ன சொல்வது என்று மாறிமாறி ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உனக்காக வேண்டிக்கொண்டதைவிட எனக்காகத்தான் அதிகம் வேண்டினேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எங்களுக்கு வெகு தெற்கே உன் பாய் தெரிந்தது. காற்றுக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாக இழுத்து இழுத்து வந்தாய். பலகையின் முன்பக்கம் ரவி குப்புறக் கிடந்தான். எல்லாரும் சேற்றில் ஓடினோம். அவன் கடல் தண்ணீரைக் கக்கினான். பற்கள் கிடுகிடுத்தன. என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள்.

"முட்டி அறுந்துபோச்சு" என்றான். "புதுசு. நேத்துதான் வாங்குனேன்."

எல்லாரும் நம் இருவரையும் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் உன் குரல் முந்திக்கொண்டது.

"என் தப்பு. தூசியா இருக்குன்னு தேங்கா எண்ண போட்டுத் தொடச்சேன். அதுல ரப்பர் செத்துப்போச்சு. நம்ம கடையில முட்டி வாங்குனவங்க யாரும் தண்ணில எறங்காதீங்க. எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிறேன்."

யாரும் உன்னை ஏசவில்லை. ஒருவர் மட்டும், "என்ன பாஸ், எண்ணயா போடுவாங்க?" என்று தலையை ஆட்டிக்கொண்டு தன் பாயைச் சுருட்டினார்.

குழாயடியில் சேற்றைக் கழுவும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "சாயங்காலம் நீ அந்தப் பிள்ளையோட அக்கா வீட்டுக்குத்தான்டா போவணும்" என்றாய். "எனக்கென்ன. கடதானே." எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த முட்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கி எறிந்தோம். சுங்கை பூலோவில் ஒருவர் வீட்டுக்கு மூன்று தடவை போனோம். இதெல்லாம் தெரிந்தபின் எவன் நம் கடைக்கு வருவான்? எப்படியும் மூடியிருக்க வேண்டிய கடைதான், இரண்டு மாதத்தில் மூடியது. நீ கிள்ளானில் யாருடைய கடையிலோ ஐஸ்பெட்டி விற்கப் போனாய். என் மனைவி உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். நான் மட்டும் வந்துபோனேன். உன் மனைவி சோறு போடும்போதெல்லாம் ஒரு பேச்சு வரும்.

"கடையிலேயே எண்ண தடவுன மகராசன். இவர நம்பி அடுப்படில விடலாமாண்ணே?"

முதலில் அதில் கோபம் இருந்தது. போகப்போக வாய்ப்பழக்கமாகிவிட்டது. நீ சிரித்துக்கொண்டே ரசத்தை என் பக்கம் நகர்த்துவாய். நானும் சிரித்தேன். ஏழு வருஷம் உன் வீட்டில் சாப்பிட்டு, அதைக் கேட்டுச் சிரித்தேன். தனியாக இருக்கும்போதாவது ஒரு தடவை "ஏண்டா சும்மா இருந்தே" என்று நீ கேட்டிருக்கலாம். நீ கேட்கவே இல்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் போய்விட்டாய்.

உன் பதினாறாம் நாளுக்கு என் மனைவியும் வந்தாள், ரவியும் வந்தான். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உன் படத்தைப் பார்த்தபடி உன் மனைவி சொன்னாள், "நல்ல மனுசன்தான்ணே. அந்த ஒரு எண்ண மட்டும் தொடாம இருந்திருந்தா, இன்னும் அந்தக் கடையிலேயே இருந்திருப்பாரு."

"தொடச்சது நான்" என்றேன்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். ரவி தலையைக் குனிந்துகொண்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், விளக்கு, துணி, குழாயடியில் நீ சொன்னது வரை. உன் மனைவி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"ஏழு வருசமா, சோத்தப் போட்டுட்டு சொல்லிக்காட்டியிருக்கேண்ணே" என்றாள். "ஒரு நாளாவது 'தொடச்சது நான் இல்ல'ன்னு சொல்லியிருக்கலாமே அவரு. இப்ப நான் யாருகிட்டப் போயி மன்னிப்பு கேக்குறது?"

என் மௌனத்தைத்தான் இத்தனை நாள் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் உன் இலைக்கு முன்னால் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வர வேண்டியது. நீ எனக்காக வாங்கி வைத்திருந்தாய். இப்போது என்னிடம் வந்துவிட்டது.