நாளுக்கொரு கேள்வி

11-01-1981, ஞாயிறு

மூதூருக்குப் பயணிகளை ஏற்றிப்போகிற லோஞ்சை என்னைப் போல ஓட்ட இந்தத் துறைமுகத்தில் ஆள் இல்லை. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. ஊர் மறந்துபோகிற நாட்களில் மட்டும் நான் சொல்கிறேன்.

ஆனாலும் என் மனைவி குணேஸ்வரி போய்விட்டாள். வெள்ளிக்கிழமை கல்யாண ஆட்களோடு லோஞ்ச் மணல்திட்டில் ஏறி இரண்டு மணித்தியாலம் நின்றது. முன்னுக்கு நின்று கம்பு ஊன்றி ஆழம் பார்க்கிற தாஹிர், "ஒரு பாகம்தான் தண்ணி, அண்ணன், திட்டில ஏறப்போகுது" என்று கத்தினான். எனக்குச் சொல்லித்தர அவன் யார்? நான் சுக்கானைத் திருப்பவில்லை. பிறகு, அவன் கத்தவே இல்லை என்று லோஞ்ச் ஒப்பிசுக்கு எழுதிக் கொடுத்தேன். அவனை வேலையால் நிறுத்திவிட்டார்கள்.

லோஞ்சில் இருந்த என் மனைவிக்கு அவன் கத்தியது கேட்டிருக்கிறது. "இருபத்திரண்டு வருசம் உங்கட கதையைக் கேட்டிட்டன். ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமையில வாற மனநல டொக்டரிட்டப் போங்கோ. மாறினால் வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரியாய்க்குத் தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

15-01, வியாழன்

போனேன். டொக்டர் ஞானமணி ஒரு பெண்; நன்றாகக் கேட்கிறார். முக்கால் மணித்தியாலம் நான்தான் பேசினேன். இப்படியொரு நோயாளி அவருக்குக் கிடைத்திருக்கவே மாட்டான்.

கடைசியில், "உங்கட மனிசியின்ர பேரை ஒருக்காலும் சொல்லேல்லை, கவனிச்சீங்களா?" என்றார்.

கவனிக்கவில்லை.

22-01, வியாழன்

என் குணத்துக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறதாம். பெரிய வருத்தமா, லேசில் ஒருவருக்கும் வராத நோயா என்று கேட்டேன் — கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. டொக்டர் சிரித்துவிட்டார்.

"பெருமை எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு, பெரிசாக் காட்டாட்டி ஒண்டுமில்லாமல் போயிடுவன் எண்ட பயம். அந்தப் பயத்தில மற்றவையின்ர நோவு கண்ணில படாமப் போகுது. இதுக்கெண்டு மருந்து குளிசை இல்லை. கதைச்சுக் கதைச்சுத்தான் மாத்தலாம், கனகாலம் எடுக்கும்."

நாளுக்கு ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் முடியும்வரை என் கதையை எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் வைத்தியம்!

23-01

தேத்தண்ணிக்கடை சரீபிடம், மகள் சுகமா என்று கேட்டேன். "எனக்கு மூண்டும் ஆம்பிளைப் பிள்ளையள்" என்றார். பத்து வருடமாய் அவர் கடையில் குடிக்கிறேன்.

29-01, வியாழன்

டொக்டர் என்னைப் பெத்த அப்புவைப் பற்றிக் கேட்டார். எழும்பி வந்துவிட்டேன். அந்த டொக்டர் மனிசிக்கு ஒண்டும் தெரியாது.

05-02, வியாழன்

திரும்பப் போனேன். வகுப்பில் இரண்டாவதாய் வந்த அன்று அப்பு றிப்போட்டைப் பார்க்காமலே மடித்துத் தந்ததைச் சொன்னேன். ஐம்பத்தொரு வயதில் அழுதேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

டொக்டர் என்னை அழவிட்டார். பிறகு மெதுவாக, "உங்களுக்கு எப்பிடி நொந்ததெண்டு விளங்குது. தாஹிருக்கு எப்பிடி இருந்திருக்கும்?" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஒப்பிசுக்கு நடந்தேன். பூட்டியிருந்தது.

08-02, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே ஒப்பிசுக்கு உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று கிண்ணியாவுக்குப் போய்த் தாஹிரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் கத்தினது எனக்கும் உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிஞ்சிருந்திச்சு. இப்ப ஒப்பிசுக்கும் தெரியும்" என்றான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

இந்த ஒரு மாதம் எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் சொன்னான். இடையில் என் கதை நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

16-02

தாஹிருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு மூன்று மாதம் சுக்கான் இல்லை, டிக்கெட் கிழிக்கிறேன். என்னைப் போல டிக்கெட் கிழிக்க இந்தத் துறைமுகத்தில் — சரி, சரி.

01-03, ஞாயிறு

தாஹிரின் சங்கதி திரியாய்வரை போயிருக்கிறது; குணேஸ்வரி வந்துவிட்டாள். "பாப்பம்" என்று மட்டும் சொன்னாள். அது போதும்.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் இன்றைய கேள்வியைக் கேட்டேன்: "உமக்கு எதில பயம்?"

சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். நான் குறுக்கே வருவேனா என்று பார்த்தாள். வரவில்லை.

கடலுக்குத்தான் பயமாம். சின்ன வயதிலிருந்தே. லோஞ்சில் ஏறினால் இறங்கும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருப்பாளாம்.

நான் ஓட்டுகிற அழகைப் பார்க்கட்டும் என்று இருபத்திரண்டு வருடமாய் அவளை முன்வாங்கில் இருக்கையில் இருத்தி வைத்திருக்கிறேன். ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

அவள்தான் முதலில் சிரித்தாள்.