மாடியைக் கேட்காதே

ஜூன் 9
எங்கள் மேலதிகாரி தோலக்கியா சாஹேப் இன்று அலுவலகத்தில் நகரத்துக்கான மின் திட்டத்தை விரித்தார். பழைய நகரத்தின் மொட்டைமாடிகள் எல்லாவற்றிலும் சோலார் பேனல். டிசம்பருக்குள் வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டால் ஆற்றங்கரை நிலக்கரி ஆலையை மூடிவிடலாம். அதன் சாம்பல் எங்கள் சந்தில்தான் விழுகிறது. என் மகள் த்விஷா இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கூடம் போனதே இல்லை. இது நடந்தே ஆக வேண்டும்.

ஆனால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மாடிகளை எண்ணியிருக்கிறார்கள். அகமதாபாத்தில் பிறந்தவர்கள் செய்கிற காரியமா?

"சாஹேப், ஜனவரியில உத்தராயண் பண்டிகைக்கு ஜனங்க பட்டம் விட எங்க போவாங்க?" என்றேன்.

"ஒரு நாள் கூத்துக்கு மீசையை எடுக்கச் சொல்றீங்களா, ஹீரல்பென்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை 2
பாதி பேனல்களை ஆற்றுக்கு அக்கரை அடுக்குமாடிகளில் வைக்கலாம் என்று சாஹேபிடம் எழுதிக் கொடுத்தேன். அங்கே மாடிக்குக் காக்கையைத் தவிர யாரும் போவதில்லை. "அது பெரிய மனுஷங்க ஏரியா. அவங்க கதவை யாரு தட்டுறது?" என்று குறுக்கே கோடு போட்டுவிட்டார். அவர் வீடும் அங்கேதான். எங்கள் கதவு மட்டும் இளப்பம்.

ஆகஸ்ட் 18
ஊருக்கு முன்னால் நாம் செய்து காட்டுவோம் என்று எங்கள் மாடியிலேயே பேனல் வைத்தேன். பட்டம் விட இடம் போயிற்றென்று கொழுந்தன் மௌலிக் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சம்மதம் கேட்கப் போனால் எதிர்வீட்டு ரமிலாபென் தேப்லா ரொட்டி வைத்து உபசரித்தாள். "நகையைக் கேளு, கழட்டித் தர்றேன். மாடியைக் கேக்காதடி. அக்கரையிலேர்ந்து ஒருத்தரு உத்தராயணுக்கு இப்பவே வாடகை பேசிட்டாரு."

அக்டோபர் 5
இதுவரை சம்மதம் ஏழு வீடு. அதில் ஒன்று என் வீடு.

டிசம்பர் 30
ஆலைக்கு இன்னும் ஐந்து வருடம் ஆயுள். கோப்பில் காரணம் எழுதியிருக்கிறார்: "பழைய நகர மக்கள் ஒத்துழைக்கவில்லை." கீழே தோலக்கியா கையெழுத்து. அதைப் படித்துக் காட்டிய கூட்டத்தில் நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? ராத்திரி எம் புள்ள மூச்சுக்கு இழுக்குற சத்தம் அந்தாளு காதுல விழுமா? பாவி.

ஜனவரி 14
காலையிலேயே சந்து முழுக்க மாடியில். ரமிலாபென் மாடியில் கறுப்புக் கண்ணாடியோடு, குடும்பத்தோடு, உந்தியு தட்டோடு நிற்பவர் யார்? தோலக்கியா சாஹேப். வாடகை பேசிய அக்கரைக்காரர் அவர்தானாம்.

மதியம் அவருடைய பட்ட நூல் எங்கள் பேனலில் சிக்கிக்கொண்டது.

"ஹீரல்பென்! அதைக் கொஞ்சம் கழட்டி வைக்கக் கூடாதா? வருஷத்துல ஒரு நாள்தானே!"

மௌலிக் என் பக்கத்தில் வந்து கத்தரிக்கோலை நீட்டினான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை: "நீங்களே வெட்டுங்க, அண்ணி."

வெட்டினேன். "அறுத்தாச்சு!" என்று மாடிக்கு மாடி கூவினார்கள். பட்டம் தள்ளாடிக்கொண்டு போய் ஆலைப் புகைக்குள் மறைந்தது. த்விஷா குதித்துக் குதித்துக் கைதட்டினாள். பிறகு இருமத் தொடங்கினாள். நான் இன்ஹேலர் எடுக்கக் கீழே இறங்கினேன்.