பேய் வராத படம்

பெப். 25, சனி

மழை. காற்று சைக்கிளோடு என்னையும் விழுத்தப் பார்த்தது. இன்று சமையல் என் முறை. தகரத்தில் அடைத்த ரின்மீன் குழம்பு, பருப்பு. சோறு குழைந்துவிட்டது. வீட்டில் நாலு பேர், ஒருவரும் வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள். அது மரியாதையா, பசியா?

சனி என்றால் படம். முன்பெல்லாம் அமலன் தன் காரில் ஹேர்னிங் போய்த் தமிழ்க் கசெற் எடுத்து வருவான். இப்போது அவன் காரில் நாங்கள் ஏறுவதில்லை. அவனும் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே பெற்றோல் நிலையத்தில் கசெற் போட்டுப் பார்க்கும் ‘மூவிபொக்ஸ்’ பெட்டியை வாடகைக்கு எடுத்து, நனையாமல் பையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தேன். கசெற் தெரிவு எங்களோடு இருக்கும் சிவம் அண்ணை. அட்டையில் தலைவிரி கோலமாக ஒருத்தி, பின்னால் நெருப்பு. “பேய்ப்படம், சோக்காயிருக்கும்.”

பேயே இல்லை. முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியக் கிராமம். மாடுகள் சாகின்றன, பிள்ளைகள் சாகின்றன. ஒருத்தியின் மாடு மட்டும் பால் கறக்கிறது. சூனியக்காரி என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சாட்சி: இவள் காட்டுக்குள் யாரோடோ சிரித்துப் பேசியதைக் கண்டேன். அவ்வளவுதான். கையையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குளத்தில் போடுகிறார்கள். மிதந்தால் சூனியக்காரி, மூழ்கினால் நல்லவள். டெனிஷ் எழுத்து கீழே ஓடியது, நான் வாசித்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் குரல் வரவில்லை.

“என்னடாப்பா, இவ்வளவு நேரம் இருந்தும் பேய் வரேல்லை,” என்று சிவம் அண்ணை நிற்பாட்டிவிட்டார். முடிவு தெரியாது.

ஏன் குரல் வரவில்லை என்று இங்கேயாவது எழுத வேண்டும். அமலன் மன்னார்ப் பெடியன். பொலிசில் எங்களுக்கு மொழிபெயர்ப்பவன். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் ஒன்றரை வருடமாக அசையவில்லை. அவன் மனைவி றீற்றா மட்டும் நாங்கள் விண்ணப்பம் போட முன்னமே வந்துவிட்டாள். பொங்கலன்று சிவம் அண்ணை கேட்டார்: “உவன்ரை மனிசி மட்டும் எப்பிடி வந்தவ?” சும்மா இருந்திருக்கலாம். நான் சொன்னேன்: “பொலிசிலை எங்கடை கேசுகளைப் பாக்கிற ஆளோடை கோப்பி குடிச்சுச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டவன். நான் கண்டனான்.”

கண்டது பொய்யில்லை. ஆனால் அடுத்த கிழமையே ஊர் முழுக்க, ‘அமலன் எங்கடை கேசுகளை மாத்திச் சொல்லிக் குடுக்கிறான்’ என்று ஆகிவிட்டது.

பெப். 26, ஞாயிறு

மழை விடவில்லை. அமலனின் மகளுக்கு இன்று முதலாம் பிறந்தநாள். தேவாலய மண்டபத்தில். எல்லாருக்கும் அழைப்பு. ஒருவரும் போவதில்லை என்று முடிவு.

அழைப்பு வந்த அன்றே, பொங்கலுக்கு முன், ஒரு றோஸ் நிறப் பிறொக் வாங்கி வைத்திருந்தேன். என் மகளுக்கு வாங்க அவள் அளவு எனக்குத் தெரியாது. நான் ஊரிலிருந்து வெளிக்கிட்டபோது அவள் என் மனைவி கமலாவின் வயிற்றில். இப்போது ஓடித்திரிவாளாம்.

மத்தியானம் ‘காத்து வாங்கிக்கொண்டு வாறன்’ என்றேன். “இந்த மழைக்கையோ?” என்று எங்கள் வீட்டுப் பாலன் சிரித்தான்.

மண்டப யன்னலால் பார்த்தேன். நீள மேசைகள், வெள்ளைக் கடதாசி விரிப்பு, பலூன். பாதிரியார், ஒரு டெனிஷ் கிழவி, அவள் நாய். வேறு யாருமில்லை. றீற்றா பட்டுச்சேலையோடு ஒவ்வொரு தட்டையும் மூடிக்கொண்டு வந்தாள். அமலன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றான். பிள்ளைக்குத் தலையில் கடதாசி முடி.

பிறொக் என் ஜக்கெற்றுக்குள். உள்ளே போக எத்தனை அடி இருக்கும்? போகவில்லை. என்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

பெப். 28, செவ்வாய்

கொஞ்சம் வெயில். மூவிபொக்ஸ் நேற்றே திருப்பிக் கொடுத்தாயிற்று. கல்லாவில் நின்ற பெட்டை படம் நல்லதா என்று கேட்டாள். ‘ஓம்’ என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன்.

வாங்க: பற்பசை, சைக்கிள் ரியூப், முத்திரை. இடது சப்பாத்து ஒழுகுகிறது.

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் பாலன், மற்றப் பெடியளிடம்: “முந்தநாள் ஆனையிறவு மாதிரி வெறும் வெளியாம் மண்டபம்.” எல்லாரும் சிரித்தார்கள். நான் பாணைக் கடித்தேன்.

கமலாவுக்குக் கடிதம் தொடங்கி ‘நான் நல்ல சுகம்’ என்பதோடு நிற்கிறது.

மார்ச் 2, வியாழன்

குளிர், மழை இல்லை. மொழிப் பள்ளியில் இன்று பாடம் நடக்கவில்லை. ரீச்சர் பேப்பரை மேசையில் விரித்து, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை அமைச்சே நிறுத்தி வைத்திருந்ததாம். மேலிருந்து வந்த கட்டளையாம். சட்டப்படி செய்யக் கூடாததாம். நாடு முழுக்க அப்படித்தானாம்.

அமலன் இல்லை. இந்தக் கிரின்ஸ்டெட் ஊர்ப் பொலிஸ்காரனும் இல்லை. கோப்பியும் இல்லை.

“உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்றார் ரீச்சர். கண் கலங்கியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தன் நாடு செய்ததற்காகத்தான் நான் குனிந்தேன் என்று நினைத்திருப்பார், தோளில் தட்டினார்.

வீட்டில் சொன்னேன். சிவம் அண்ணை கோபத்தில் கதிரையை உதைத்தார். “எங்கடை பிள்ளையளை இவங்கள் பெட்டிக்கை வைச்சுப் பூட்டினவங்களோ?”

“அப்ப அமலன்?” என்றேன்.

“அவனுக்கென்ன?”

“அவனிலை பிழையில்லையே, அண்ணை.”

“பிழையில்லாட்டி என்னத்துக்குப் பொலிசிலை நிண்டு பல்லைக் காட்டினவன்? நீதானே கண்டனி!”

கோப்பை கழுவினேன்.

மார்ச் 4, சனி

காற்று. பிறொக்கை எடுத்துக்கொண்டு அமலன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு. சைக்கிளில் வழி நெடுக வசனம் பாடமாக்கினேன்: ‘அமலன், அது நான்தான்.’

அவன்தான் கதவு திறந்தான். “வாரும், வாரும். காலைப் பாத்து வையும், எல்லாம் பெட்டி.”

பிரெடெரிசியா நகரத்துக்கு வீடு மாறிப் போகிறார்கள். திங்கள்.

“அங்கை வேலையே?”

“தேடோணும். இவவுக்கு இஞ்சை கதைக்க ஒரு சனமில்லை. கடையிலை கண்டாலும் மற்றப் பக்கம் திரும்பினம்.”

பிறொக்கைக் கொடுத்தேன். றீற்றா பிள்ளைமேல் வைத்துப் பார்த்தாள். சின்னதாகிவிட்டது. “பரவாயில்லை, நல்ல நிறம்,” என்றாள். தேத்தண்ணி, றோல்ஸ். “சாப்பிடுங்கோ அண்ணை, ஞாயிற்றுக்கிழமை செய்தது. பிறீசர் நிறையக் கிடக்கு.” மூன்று சாப்பிட்டேன். எப்படி இறங்கியதோ.

பேப்பரில் வந்ததைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டான்: “ஆரோ ஒருத்தன் என்னைப் பொலிசிலை சிரிச்சுக் கதைக்கக் கண்டவனாம். எண்டைக்குச் சிரிச்சனோ, எனக்கே ஞாபகமில்லை. ஆரெண்டு தெரியுமே உமக்கு?”

கயிற்றின் மற்ற முனை என் கையில். வசனம் நாக்கு நுனியில்.

“தெரியாது,” என்றேன்.

“சரி விடும். நீர் ஒருத்தர்தான் இந்த வாசலுக்கு வந்தது. அது போதும்.”

எழும்பும்போது றீற்றா ஒரு குளிர் கோட்டைக் கொண்டுவந்தாள். கடும் நீலம், பொத்தானெல்லாம் சரி. “கமலா அக்கா வரேக்கை எயார்போட்டுக்குக் கொண்டுபோங்கோ. நான் சேலையோடை வந்திறங்கி நடுங்கினது எனக்குத்தான் தெரியும். எனக்கு வேறை கிடக்கு.”

மறுத்தேன். பிறகு வாங்கினேன். அமலன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம், சைக்கிள் நிற்கிறது என்றேன். உண்மையில் அந்தக் காரிலிருந்து இறங்குவதை வீட்டில் யாரும் கண்டுவிடுவார்களோ என்ற பயம். இன்னும் அந்தப் பயம்.

மார்ச் 5, ஞாயிறு

பனிமூட்டம். கோட்டு என் கட்டிலுக்கு மேலே ஆணியில்.

“ஆற்றை கோட்டடா உது?” சிவம் அண்ணை.

“கமலாவுக்கு. வாங்கினனான்.”

உள்துணியைத் தடவிப் பார்த்தார். “நல்ல சாமான். எங்கை எடுத்தனி?”

“ஹேர்னிங்கிலை.”

ஆர் காரிலை போனனி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ் என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன்.