ஆகஸ்ட் படையலுக்கு ஓர் ஆள் குறைவு

யானகோச்சா,
ஆகஸ்ட் முதல் வாரம்

அன்புள்ள நசாரியோவுக்கு,

மெல்ச்சோரா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. நான் நலம். அல்பாக்காக் குட்டிகள் பனியில் செத்துக்கொண்டிருக்கின்றன. பள்ளி ஆசிரியரிடம் சொல்லி எழுதவைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நானே எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

கிரசியேலா அம்மாவின் புத்தகம் வந்தது. அவளுடைய ஆராய்ச்சிக்கு உதவ என்றுதானே லிமாவுக்குப் போனாய்? ஆசிரியர் அதைப் பள்ளி முற்றத்தில் நம் பேச்சில் சொல்லிக் காட்டினார். நம் மலைகளைப் பற்றி, கோகா இலையில் ஊதி வேண்டுவதைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறாள். ஆணும் பெண்ணும் சேர்ந்து பொட்டலமாகக் கட்டி எரித்தால்தான் பூமித்தாய் படையலை ஏற்பாள் என்றும் எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே ஒரு படம். நீ படையல் கட்டுகிறாய். என் இடத்தில் அவள். அவள் தோளில் நான் கொடுத்த சால்வை. சதுர்னினா சும்மா இருப்பாளா? "உன் சால்வைக்குப் புருஷன் கெடச்சுட்டான்டி, உனக்குத்தான் இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அவளைச் சந்தேகப்படவில்லை. நல்ல பெண்தான். ஆனால் தனிமையில்தான் மலை பேசும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாளாம். கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ போனதிலிருந்து தனியாகத்தான் கிடக்கிறேன். மலை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மண் வாய் திறக்கும் மாதம் பிறந்துவிட்டது. முதல் நாள் எல்லா வீட்டிலும் படையல் புகை எழுந்தது. ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவன் வீட்டில்தான் இல்லை. இலை, லாமாக் கொழுப்பு, சோளம், மிட்டாய் எல்லாம் பரப்பி உட்கார்ந்தேன். நீ ஊத வேண்டிய இலைகள் அப்படியே கிடந்தன. உன் தம்பி ஃபொர்துனாத்தோ வந்து பார்த்தான். "போன வருஷமும் போடல. இந்தத் தடவையும் விட்டா மந்தை மிஞ்சாது அண்ணி. நான் வேணா அண்ணன் எடத்துல உக்காரட்டா?" என்றான். வேண்டாம் என்றேன். "அப்ப அவரு போர்வையையாவது அந்த எடத்துல விரிச்சுட்டுக் கட்டுங்க. பிடிவாதம் புடிக்காதீங்க" என்றான்.

பெட்டியிலிருந்து எடுத்தேன். உதறினேன். விரிக்கத்தான் கை வரவில்லை. இல்லாதவர் இடத்தில் அவர் துணியை விரிப்பது நம்மூரில் செத்தவர்களுக்குத்தானே? மந்தையே போனாலும் போகட்டும், உயிரோடிருக்கும் உனக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

மாதம் முடியும்வரை மண் வாயை மூடாது. அதற்குள் புறப்பட்டு வா. அவுசங்காத்தே மலையப்பன் உன் பாதையில் பனி கொட்டாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

வரப்போவதில்லை என்றால் மட்டும் பதில் எழுதாதே.

உன் மனைவி,
மெல்ச்சோரா