அப்பா போட்ட முழு மதிப்பெண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் சௌக்கியத்தைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள். போன வாரம் நீ லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டபோதும் உன் அப்பாதான் போனைப் பிடுங்கி, எதுக்கும்மா வீண் அலைச்சல், அம்மா ஜம்முன்னு இருக்கா என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஆறேழு மாதமாகிறது இல்லையா, ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, வலி இருக்கிறதா, மனம் சோர்ந்துபோகிறதா என்று வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நாலுவரை ஓர் எண் போட வேண்டும். நோயாளியே நிரப்ப வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் கையில் கேள்வித்தாள் கிடைத்தால் விடுவாரா, நீ கைய ஆட்டாம உக்காரு, நான் பாத்துக்கறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். மார்க் குறைந்தால் என்னை மறுபடி கட்டிலில் படுக்கப் போட்டுவிடுவார்கள் என்று உள்ளூரப் பயம், பாவம். அதனால் எல்லாவற்றுக்கும் நாலு. தூக்கத்துக்கு நாலு, பசிக்கு நாலு, வலிக்கும் நாலு, மனச்சோர்வுக்கும் நாலு. நாலு என்றால் மிக அதிகம் என்று கீழே எழுதியிருந்ததைப் படிக்க அவருக்கு ஏது நேரம்.

மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து போன், உடனே வாருங்கள் என்று. போனால் டாக்டர், நர்ஸ், மனநல ஆலோசகர் என்று மூன்று பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஓர் உபசாரம் நடக்கவில்லை. விஷயம் புரிந்ததும் உன் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, ஆனாலும் கேள்வித்தாள்தான் தப்பு என்று வாதாடினார். ஆலோசகர் அம்மா அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்திய மனிதர்! பிறகு அந்த அம்மா என்னிடம் ஒவ்வொன்றாக மறுபடி கேட்டார். வலிக்கு ஒன்றரை என்றேன், அரைக்கெல்லாம் இடமில்லையாம், இரண்டு போட்டோம். கை கொஞ்சம் வீங்குகிறது, கொடியில் துணி போட எட்டவில்லை என்பதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மனச்சோர்வு என்றதும் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. குளித்துவிட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான் உடுத்துகிறேன், எல்லோரும் நீ தப்பிச்சிட்டியே என்று சந்தோஷப்படுவதால் இதை யாரிடமும் சொல்லாமல் இருக்கிறேன் என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் கொட்டித் தீர்த்தேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உன் அப்பா போட்ட நாலை நான் திருத்தவில்லை.

வெளியே வந்ததும் எவ்வளவு வந்துச்சு என்று கேட்டார். சொன்னேன். பஸ் வரும்வரை என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, மகளுக்கு நீயே எழுது, நான் எழுதினா மறுபடி தப்பாப் போட்டுடுவேன் என்றார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் அவ்வப்போது சமைக்கச் சொல், குறைந்துபோய்விட மாட்டார். நீயும் மார்பைச் சோதித்துக்கொள், வேலை வேலை என்று தள்ளிப்போடாதே. இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

உன் அம்மா