வாயாடிக்கு இனிப் பேச வேண்டாமாம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாமல், உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறார், குழாய் ஒழுகுகிறது, குழாய்க்காரரைக் கூப்பிடலாம் என்றால் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது, அதனால் வீடு முழுக்க ஈரம். சின்னவளின் மகனுக்குப் பல் முளைக்கிறது, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறான், போன வாரம் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் காலைக் கடித்து வளைத்துவிட்டான். போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ நடுநடுவே 'சரிம்மா, சரிம்மா' என்பாய். இது சரிம்மா போட்டு முடிக்கிற விஷயம் இல்லை. நாலைந்து மாதமாக நான் சரியாகப் பேசுவதில்லை என்று சின்னவள் உன்னிடம் கோள் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. என் பாடத்தை எடுத்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருக்கிறது, அதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் பாடம் என்றால் எது என்று உனக்குத் தெரியும். முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித் தருவேன், இரண்டாம் வருஷத்துக்குச் சபையில் பேசுவது எப்படி என்ற பாடம், அப்புறம் மூன்றாவதாக அந்தப் 'பெண் உடலும் மொழியும்'. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் சிநேகிதர்களிடம் முதல் இரண்டை மட்டும் சொல்லி மூன்றாவதை விழுங்கிவிடுவாய், எனக்குத் தெரியும், கோபம் இல்லை, அந்த வயசு அப்படி. உன் அப்பாவே இன்றைக்கும் நான் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறார், நம் வீட்டில் செடிகள் செழிப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் அந்தப் பாடம் எப்படி வந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. பிள்ளைகள் எழுதித் தரும் விடுப்பு விண்ணப்பங்களை வருஷக்கணக்காகப் படித்துவந்ததில் ஒன்று கவனித்தேன். பையன்கள் காய்ச்சல், பல்வலி, வயிற்றுப்போக்கு என்று பேர் சொல்லி எழுதுவார்கள், கூச்சமே இருக்காது. பெண்பிள்ளைகள் எல்லாரும் மாதாமாதம் ஒரே வரிதான், 'உடல்நிலை சரியில்லாத காரணத்தால்'. அந்த உடல்நிலைக்கு ஒரு பேர் கிடையாதா, அதை எழுத ஒரு வாக்கியம் கிடையாதா, நான் எழுத்து சொல்லித் தருகிறவள்தானே என்று தோன்றியது. நடையாய் நடந்து, ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக் கேட்டு வாங்கிய பாடம் அது. முதல் வருஷம் வகுப்பில் உட்கார்ந்தவர்களைவிட ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் அதிகம். அப்புறம் இடம் போதாமல் பெரிய அறை கொடுத்தார்கள்.

இந்த வருஷம் அதில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். டயர் கடைக்காரர் மகள், பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை, கடைக்கு மேலேயே வீடு. வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பேர். அவளே அந்தப் பேரில்தான் வருகைப் பதிவுக்குக் கை தூக்குவாள். நான் ஒன்று சொன்னால் அவளுக்கு மூன்று கேள்வி இருக்கும், மூன்றில் ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியாது, தெரியாது என்று சொன்னால் 'அப்ப நாளைக்குப் பாத்துட்டு வாங்க மேடம்' என்று எனக்கே வீட்டுப்பாடம் கொடுப்பாள். பருவ நடுவில் எல்லாரும் எழுந்து, தனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். ஒருத்தி தையல் மெஷினைப் பற்றிப் பேசினாள், ஒரு பையன் மீன்தொட்டியைப் பற்றி. இவள் எழுந்து, மாதாமாதம் தனக்கு வரும் வயிற்றுவலியைப் பற்றிப் பேசினாள். எத்தனையோ வருஷம் பேச்சு கேட்டிருக்கிறேனப்பா, அந்த மாதிரி ஒன்று கேட்டதில்லை. ஒரு கண்ணீர் இல்லை. 'அடிவயித்துல யாரோ ஈரத் துணிய முறுக்கிப் பிழியுற மாதிரி இருக்கும், பிழிஞ்சிட்டு உதறவும் செய்வாங்க' என்றாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கூரையைப் பார்ப்பதை நடித்துக் காட்டினாள், டாக்டர் 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்றதை அவர் குரலிலேயே சொன்னாள், 'அப்ப மாப்பிள்ளைய சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு' என்றாள், வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், குரலைத் தாழ்த்தி, 'வலிக்குதுன்னு சொன்னா எல்லாரும் இந்த வயசுல அப்படித்தான்னு சொல்றாங்க, யாரும் எங்க வலிக்குதுன்னு கேக்கல' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நான் வேலைக்கு வந்ததற்கு இந்த ஒரு பேச்சு போதும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

பின் பெஞ்சில் ஒருத்தன் அதைப் போனில் பிடித்திருக்கிறான். முழுசாகப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, துணி பிழிவதாகக் கையை முறுக்கிக் காட்டிய அந்த இடத்தை மட்டும் வெட்டி, அசிங்கமாக ஒரு பாட்டைச் சேர்த்து அனுப்பிவிட்டான். மறுநாள் மதியத்துக்குள் ஊரெல்லாம் சுற்றி, அவள் அப்பா கடைக்கே வந்துவிட்டது. அவர் கல்லூரிக்கு வந்தார். கத்துவார் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம், அவர் கத்தவில்லை. கையில் கிரீஸ் கறை, நாற்காலி அழுக்காகும் என்று உட்காரவும் மறுத்துவிட்டார். 'நான் குனிஞ்சு டயர கழட்டிக்கிட்டு இருக்கேன் மேடம், வண்டிக்காரன் என் தலைக்கு மேல நின்னு என் பொண்ணப் பாத்து சிரிக்கிறான். என் பொண்ணுன்னு அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்ல. காத்தடிச்சு அனுப்பிட்டேன்' என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகளின் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

படம் பிடித்தவனுக்கு விசாரணை நடந்தது, மன்னிப்புக் கேட்டான், சில நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். என் பாடம் திரும்பி வராது. முதல்வர் அறையில் எனக்குத் தேநீரெல்லாம் கொடுத்துத்தான் சொன்னார்கள். 'நீங்க தப்பு பண்ணீங்கன்னு யாரும் சொல்லல மேடம், ஆனா பெத்தவங்க பயப்படறாங்க. பேர மட்டும் மாத்தி சுகாதாரக் கல்வின்னு வெச்சுக்கலாம், கை கழுவுறது, சத்துணவு, அந்த மாதிரி' என்றார் முதல்வர். கை கழுவுவதற்கு நீங்களே போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த வார்த்தைக்கு மனசுக்குள் நானே மார்க் போட்டுக்கொண்டேன். கடைசி வகுப்பன்று நான் சொல்லாமலேயே பிள்ளைகள் எல்லாரும் தங்கள் போன்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் குவித்தார்கள். அத்தனை போனும் என் கண் முன்னால் இருக்க, பேசுங்கள் என்றேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சீக்கிரமே அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை வாயாடியின் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா வேண்டாம் என்றார், அப்புறம் தானே பஸ் எண்ணைக் கேட்டு வந்து சொன்னார். கடை ஓரமாகக் குறுகலான இரும்புப் படி, மேலே இரண்டு அறை, ரப்பர் வாசனை. டயர் கடைக்காரர் மரியாதையாக உட்காரச் சொன்னார், நான் சொன்னதையெல்லாம் கேட்டார், 'உங்க மேல தப்பில்ல மேடம், ஆனா அனுப்ப மாட்டேன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வாயாடி உள் அறையில் இருந்தாள், வெளியே வரவில்லை. அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிளம்பும்போது மட்டும், பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கூடவே வந்தாள். மெதுவாக, காலை அகட்டி அகட்டி நடந்தாள். எங்கள் பஸ் நிற்கும் கோடி நிழற்குடையில் வேறு யாரும் இல்லை. திடீரென்று ரோட்டைப் பார்த்தபடியே, 'அவ பேசினத நானும் பாத்தேன் மேடம். எல்லாரும் சிரிச்சாங்க. நான் குளியலறைல கதவச் சாத்திக்கிட்டுத் திரும்பத் திரும்பப் பாத்தேன்' என்றாள். அப்புறம், 'எனக்குக் கீழ ஏதோ இறங்கி வருது மேடம். சின்னவன் பொறந்ததுலேர்ந்து இருக்கு. தண்ணி வாளியத் தூக்கினா கையால உள்ள தள்ளிக்கிட்டுத்தான் தூக்குறேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. இதுக்கு என்ன பேருன்னுகூட எனக்குத் தெரியாது' என்றாள். அவளுடைய சின்னவன் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறான். கருப்பை இறக்கம் என்று பேர் சொன்னேன். அந்தப் பேரை வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் வாயாடியின் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டயர் கடைக்காரரிடம் அவளே சொல்லிவிட்டு வந்திருந்தாள், என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் கடையை மூடிவிட்டுக் கூடவே வந்துவிட்டார். அவருக்குத் துணையாக அப்பா. டாக்டரம்மா கணினியில் தட்டிக்கொண்டே என்ன பிரச்சினை என்றாள். இவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லா வார்த்தையும் நாக்கு நுனியில் நின்றது, முழுசாக வியாதி வரலாறே சொல்லியிருப்பேன், எப்படியோ வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தானே சொன்னாள். எங்கே, எப்படி, எதைத் தூக்கினால், எந்தப் பக்கம் படுத்தால், எல்லாம். பாதியில் டாக்டரம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே பெஞ்சில் ஆண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்களாம், அப்பா நம் ஸ்கூட்டருக்கு முன் சக்கரத்தில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று கேட்க, அவர் விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, 'பக்கத்துலதான் சார் படுத்திருக்கேன் இத்தன வருஷமா, எனக்குத் தெரியல' என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாராம். இதை அப்பா என்னிடம் சொல்லிவிட்டு அன்றைக்குச் செடிப் பக்கம் போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்கப் போனேன். வாயாடிதான் அம்மாவுக்குத் துணையாக இருந்தாள், அன்றுதான் அவளை மறுபடி பார்த்தேன், கன்னம் ஒட்டி, தலைமுடியை இறுக்கிப் பின்னி, வேறு யாரோ மாதிரி இருந்தாள். அவள் அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு, வார்டே கேட்கும்படி புருஷனைப் பார்த்து, 'அவ படிக்கட்டும், நான் சொல்றேன், அவ படிக்கட்டும்' என்றாள். டயர் கடைக்காரரும் தலையை ஆட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்ணை வராந்தாவுக்கு அழைத்துப் போய், உன் அம்மாவும் சொல்லிவிட்டார்கள், அப்பாவும் சரி என்கிறார், வருகிற வருஷம் வந்து சேர்ந்துவிடு, முதல்வரிடம் நான் பேசுகிறேன் என்றேன். அவள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். 'வேணாம் மேடம்' என்றாள். 'பஸ்ல யாராவது போன எடுத்தாலே அடுத்த நிறுத்தத்துல இறங்கிடறேன். என்னத்தான் பாக்குறாங்கன்னு தோணுது. வந்தாலும் என்னால பேச முடியாது. எனக்கு இனிமே பேசவே வேணாம்' என்றாள். நான் எதுவும் சொல்வதற்குள், 'உங்க மேல கோவம் இல்ல மேடம், நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க' என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கு மருந்து வேளை என்று உள்ளே போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் பெரியவனே. அவள் அம்மாவுக்கு வாய் திறந்தது, அதற்கு விலையாக இவள் வாய் அடைத்துவிட்டதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அப்படியெல்லாம் கணக்குப் போடாதே என்கிறார் அப்பா. சின்னவள், பெண்ணுக்கு வயசு இருக்கிறது, தேறிவிடுவாள் என்கிறாள். இருக்கலாம். நான் அவளை வற்புறுத்தப் போவதில்லை. மாதம் ஒரு தடவை அவள் அம்மாவைப் பார்க்கிற சாக்கில் அந்த இரும்புப் படி ஏறுகிறேன், அவள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள், ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கல்லூரியில் சபையில் பேசும் பாடத்தையும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், எனக்கு இப்போது முதல் வருஷக் கட்டுரை மட்டும்தான். ஓய்வு பெறும்வரை கால்புள்ளி, அரைப்புள்ளி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதத்தில் ஒரு புள்ளியும் சரியாக விழவில்லை, இப்படி எழுதுகிற பிள்ளைக்கு நான் பாஸ் மார்க் போட மாட்டேன், நீ போட்டுவிடு.

கடைசியாக ஒன்று, அம்மா குறுக்கிடுகிறாள் என்று நினைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் வீட்டுக்காரி பின்னாலிருந்து இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். நீ, நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு என்னிடம் வானிலையைப் பற்றிப் பேசினாய். அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், நான் இருக்கும்வரை அது ஒன்றுதான் என் வேண்டுதல். குளிருக்குக் காதை மூடிக்கொள். அப்பா தன் ஆசியையும், குழாய் ஏறக்குறைய நின்றுவிட்டது என்ற செய்தியையும் சேர்க்கச் சொல்கிறார். கடிதத்தை மடித்து வைத்ததும் அவளிடம் போய், எங்கே வலிக்கிறது என்று கேள். பிறகு எப்படி வலிக்கிறது என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திரு.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா