இடது கீழ் மூலை

ஜூன் 3, செவ்வாய்

இன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, எங்கள் செவிலியர் பயிற்சிப் பள்ளியின் பாடக்குழு வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு ஒன்றை எடுத்தது. இனி ஆசிரியர்கள் தயாரிக்கும் குறிப்பேடுகளின் ஒவ்வொரு பக்கத்திலும், வட்டத்துக்குள் சி போட்ட காப்புரிமைக் குறியும் ஆசிரியர் பெயரும் இருக்கும். குறியை எங்கே வைப்பது என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது. முதல்வர் தம் முப்பதாண்டு அனுபவத்தைத் திரட்டி, "இடது பக்கம், கீழே" என்றார். பிளவு நீங்கியது. சும்மாவா முதல்வர் ஆனார்.

நூலகர் மட்டும் கை தூக்கினார். "குறி போட்டாலும் போடாட்டியும் உரிமை இருக்கு சார். எழுதி முடிச்ச நிமிஷமே எழுதினவங்களுக்கு வந்துடும். பதிவுகூட வேண்டியதில்ல."

வரவேற்கத்தக்க கருத்து என்று எழுதிக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போனோம்.

ஜூன் 5, வியாழன்

என் உடற்கூறியல் குறிப்பேடு. பதினோரு வருட உழைப்பு, நூற்றுப் பதினெட்டுப் பக்கம், அறுபத்து நான்கு படம். காலை முழுவதும் குறி போட்டேன். படங்களின் இடது மூலையில் சின்னதாக ஒரு கோடும் புள்ளியும் இடைஞ்சலாக இருந்தன. கத்தரித்துவிட்டு என் பெயரைப் பொருத்தினேன். பக்கங்கள் இப்போது இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கின்றன.

ஜூன் 6, வெள்ளி

இணையத்தில் ஏற்றித் தரச் சொல்லி நூலகரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மத்த பள்ளிக்காரங்க இதை எடுத்துப் பயன்படுத்தணுமா, கூடாதா?"

"பயன்படுத்தணும் மேடம். அதுக்குத்தானே போடறோம்."

"அப்ப கதவைப் பூட்டிட்டு வாசல்ல நல்வரவுன்னு எழுதியிருக்கீங்க."

விளக்கினார். குறி மட்டும் இருந்தால், எடுக்க நினைக்கும் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து கேட்க வேண்டும். திறந்த உரிமம் என்பது, உரிமையை நானே வைத்துக்கொண்டு, இன்னின்னதற்கு அனுமதி உண்டு என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. பெயர் சொல்ல வேண்டும் என்பது அடிப்படை. அதற்குமேல் விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும் என்று நிபந்தனைகளைச் சேர்ப்பது என் விருப்பம். கொடுத்த பிறகு, எடுத்துக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது.

பணி விதியில், குறிப்பேடு எழுதியவருக்கே சொந்தம் என்றும் இருக்கிறதாம். முதல்வர் உட்பட யாரும் அந்தப் பக்கம்வரை படித்ததில்லை.

'மாற்றக் கூடாது' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். என் வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி நகர்ந்தால் மருத்துவ உலகம் தாங்காது.

ஜூன் 9, திங்கள்

ஏற்றியாயிற்று. மூன்று பேர் இறக்கியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் நான்.

ஜூன் 17, செவ்வாய்

வெளியூர்ப் பயிற்சிப் பள்ளி ஆசிரியை ஒருவரின் மின்னஞ்சல். அவருடைய மாணவிகள் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் படிப்பை நடுவில் விட்டு, பத்து வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர்கள். இந்த முறை தோற்றால் மறுபடி எழுத வாய்ப்பில்லை. ஏழு வாரம் இருக்கிறது. படங்கள் பிரமாதம், அவற்றில் உறுப்புகளின் பெயரைப் பெரிதாக்கி, உரையைக் கொஞ்சம் எளிமையாக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். உரிமம் மாற்றக் கூடாது என்கிறதே.

கொஞ்சம் எளிமையாக்கி. நான்கு முறை படித்தேன். பிறகு பெருந்தன்மை வந்தது. எனக்கு அது வந்தால் ஊரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். நேரே நூலகரிடம் போய், மாற்றலாம் என்று திருத்தச் சொன்னேன்.

"படமெல்லாம் யாரோடது சார்?"

"எங்க வீட்டுதுதான்."

"வீடு படம் வரையாது சார்."

"அக்கா வரைஞ்சது."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

அக்காவிடம் எதற்குக் கேட்பது? மாடியில்தானே இருக்கிறாள்.

ஜூன் 18, புதன்

அக்கா குடிநீர்த் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். இதயத்தையும் நீரேற்று நிலையம் மாதிரிதான் வரைவாள்: எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, எந்த வால்வு எப்போது மூடுகிறது. மாணவிகளுக்கு அது சட்டென்று புரிவதற்கு என் விளக்கமே காரணம் என்று இதுவரை நம்பியிருந்தேன்.

அச்செடுத்து மாடிக்குக் கொண்டுபோய், வெளியூர் ஆசிரியை கேட்டதைச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை பார்த்தாள்.

"இங்க ஒரு கோடும் புள்ளியும் இருக்குமே."

"எங்கக்கா?"

"இடது மூலைல. நான் வரைஞ்ச எல்லாத்துலயும் இருக்கும்டா. ஆபீஸ்ல எங்க பேரைப் போட விடமாட்டாங்க. இன்ஜினீயர் கையெழுத்து மட்டும்தான். அதனால அதைப் போட்டு வச்சேன். ஒருத்தரும் அழிக்கல."

அந்த இடத்தில் இப்போது என் பெயர், வட்டத்துக்குள் சி-யோடு.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

நான் என்ன திருடவா செஞ்சேன்? மூலையைத்தானே வெட்டினேன். குறி வைக்க இடம் வேணாமா — குழு முடிவு — இல்ல. குழு என்ன பண்ணும். பதினோரு வருஷமா அந்தப் புள்ளியப் பாத்துட்டு இருந்திருக்கேன். அது எதுக்குன்னு ஒரு தடவ கேக்கல. ஒரு தடவ.

ஜூன் 20, வெள்ளி

குறிப்பேட்டை இணையத்திலிருந்து எடுத்தாயிற்று. நம்முடையதல்லாததற்கு நாம் கொடுத்த உரிமம் செல்லாது என்றார் நூலகர். அதற்குள் பதிவிறக்கியிருந்த பத்தொன்பது பேருக்கும், படங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று தனித்தனியே எழுதினேன். வெளியூர் ஆசிரியை மட்டும் பதில் போட்டார்: "சரி சார். பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன்."

ஜூன் 23, திங்கள்

பாடக்குழுவின் அவசரக் கூட்டம். "கூடப் பிறந்தவங்கதானே, ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார் முதல்வர். படிவம் கையோடு தயாரானது. வரைந்தவர் (இனி 'வழங்குநர்' எனப்படுவார்) எல்லா உரிமைகளையும், என்றென்றைக்குமாக, இப்போதுள்ள மற்றும் இனி கண்டுபிடிக்கப்படவிருக்கும் அனைத்து ஊடகங்களிலும் பள்ளிக்கு அளிக்கிறார்.

அக்கா இரண்டு முறை படித்தாள். "இனிமே கண்டுபிடிக்கப்போறதையும் இப்பவே கேக்கறாரா? உங்க முதல்வருக்குப் பசி ஜாஸ்திதான்."

"வழக்கமான வாசகம்க்கா."

"ஒரே வாரத்துல ரெண்டு பேப்பர் கொண்டுவந்திருக்க. ரெண்டுலயும் என் பேர் இல்ல." கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். "அந்த டீச்சரம்மா எழுதினது இருந்தா குடுத்துட்டுப் போ."

கொடுத்தேன்.

ஜூன் 25, புதன்

என் பள்ளிக்கு அக்கா வந்தாள். என்னைப் பார்க்க அல்ல. நூலகரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் எனக்கு மூன்று முறை வேலை வந்தது. மூன்றாவது முறை உள்ளேயே போனேன்.

அவளே தேர்ந்தெடுத்திருந்தாள்: பெயர் சொல்ல வேண்டும், மாற்றலாம், மாற்றியதையும் இதே உரிமத்தில் விட வேண்டும்.

"யாராவது தப்பா மாத்திட்டா என்னக்கா பண்ணுவ?"

"குழாய் போடத் தோண்டற இடத்துல எங்க வரைபடத்தை மாத்தாம ஒரு வேலையும் முடிஞ்சதில்லடா. என்ன மாத்தினாங்கன்னு எழுதி வச்சாப் போதும்."

அறுபத்து நான்கு படங்களும் மூலையோடு மறுபடி நகலாயின. அவற்றோடு என் பாடத்தையும் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அது உன் சொத்து. என்னை ஏன் கேக்கற?"

நூலகர் மேசை இழுப்பறைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார்.

ஜூன் 26, வியாழன்

என் உரையிலிருந்தும் 'மாற்றக் கூடாது' போய்விட்டது. காற்புள்ளிகளை ஆண்டவன் பார்த்துக்கொள்வான். இரண்டும் வெளியூர் ஆசிரியைக்குப் போயாயிற்று. ஆறு வாரம்கூட முழுதாக இல்லை அவர்களுக்கு.

செப்டம்பர் 8, திங்கள்

வெளியூர் ஆசிரியை தம் புத்தகத்தையும் தேர்வு முடிவையும் அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். புத்தகத்தில் அறுபத்து நான்கு படங்களும் இருக்கின்றன. முதல் பக்கத்தில் அக்காவின் முழுப் பெயர். பாடத்தை அந்த ஆசிரியை முதலிலிருந்து தாமே எழுதியிருக்கிறார். அக்கா வைத்த அதே உரிமம்தான் என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். நூலகர் நாற்பது படிகள் எடுத்து முதலாம் ஆண்டு மாணவிகளுக்குக் கொடுத்துவிட்டார். நாளை முதல் நான் அதை வைத்துப் பாடம் நடத்துகிறேன்.